இடப்பக்கக் குறி

என் அக்கா வேலை செய்த தையற்கூடத்தில் அவளைப் பெயர் சொல்லி அழைத்தவர் எவரும் இல்லை. வெட்டும் மேசை அவள் பொறுப்பில் இருந்ததால் 'மாஸ்டர்' என்பதே அங்கு அவளுக்குப் பெயராயிற்று. வீட்டில் அவள் கணவர்கூடக் கோபம் வந்தால் "சரிங்க மாஸ்டர்" என்றுதான் சொல்வார். அது கோபத்தின் உச்சம் என்று நாங்கள் புரிந்துகொள்வோம்.

தையற்கூடம் ஓர் இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. தொழிற்சாலைச் சீருடைகள், பள்ளிச் சட்டைகள், மருத்துவமனைகளுக்கான கவுன்கள் ஆகியவை அங்கே மொத்தமாகத் தைக்கப்பட்டன. துணியை நீளமான மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து அடுக்குவார்கள். மேலடுக்கில் அளவு அட்டையை வைத்து என் அக்கா சாக்பீஸால் கோடு இழுப்பாள். பிறகு இடக்கையில் கம்பியால் பின்னிய கையுறையை மாட்டிக்கொண்டு, வெட்டும் மெஷினை அந்தக் கோட்டின்மேல் நடத்துவாள். மேலே ஒரு நூலளவு பிசகினால் அடியில் கிடக்கும் அத்தனை துணியும் அதே அளவு பிசகும். எனவே அக்குள் வளைவு வரும்போது அவள் மூச்சை அடக்கிக்கொள்வாள். மெஷின் வளைவைத் தாண்டிய பிறகுதான் மூச்சு வெளியே வரும். அதுவரை கூடத்தில் யாரும் அவளிடம் பேசமாட்டார்கள்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யார் ஏற்படுத்தியது என்று எவருக்கும் தெரியாது. ஓர் அடுக்கு தவறாக வெட்டப்பட்டுவிட்டால் முதலாளி வந்து நடுவில் நின்று, "யாரு கை?" என்று கேட்பார். தையல் மெஷின்கள் எல்லாம் நின்றுவிடும். தவறியவர் "என் கை" என்று சொல்லித் தம் கத்திரிக்கோலை மேசைமேல் வைத்துவிட்டு, அன்று முழுவதும் மூலைப் பெஞ்சில் அமர்ந்து, அங்கே கிடக்கும் சிறிய வெட்டியால் பிசிறு நூல் வெட்ட வேண்டும். திட்டு கிடையாது, சம்பளப் பிடித்தமும் கிடையாது. மறுநாள் அதைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்பதும் வழக்கத்தில் அடக்கம். ஆனாலும் அந்தப் பெஞ்சுக்குப் போவதைவிட வேலையை விட்டுப் போய்விடலாம் என்று நினைத்தவர்கள் உண்டு. என் அக்கா ஒருமுறைகூட அந்தப் பெஞ்சில் அமர்ந்தது இல்லை.

மேசையின் மறுபக்கத்துத் துணியை எட்டி இழுக்கும்போது விளிம்பு மார்பில் அழுந்தும். அப்படி அழுந்திய ஒரு நாள் இடப்பக்கத்தில் ஏதோ தட்டுப்பட்டதை அவள் உணர்ந்தாள். எங்கள் தெருமுனையில் இருந்த மருத்துவமனைக்கு நான்தான் அழைத்துப் போனேன். அங்கிருந்த மருத்துவர் துணியின்மேலேயே இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். "கொழுப்புக் கட்டிம்மா, வேலை செய்ற உடம்புல வர்றதுதான்" என்று சொல்லி, வலி மாத்திரையும் தடவும் மருந்தும் எழுதினார். மறுபடி போனபோதும் அதே சொல், அதே மருந்து. மூன்றாம் முறை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மாதங்கள் போயின. பிறகு வேறோர் இடத்தில் மார்பை எக்ஸ்ரே எடுத்து, ஊசியால் துளி எடுத்துச் சோதித்து, அது புற்றுநோய் என்று சொன்னார்கள்.

பழைய குறிப்புகளைக் கேட்டு நான் முதல் மருத்துவமனைக்குப் போனேன். அப்படி ஒரு நோயாளி வந்ததாகப் பதிவே இல்லை என்றார்கள். மூன்று முறைக்குமான சீட்டும் ரசீதும் என்னிடம் இருந்தன, இன்றும் இருக்கின்றன. அவர்கள் கோப்பில் நாங்கள் இல்லை; என் கோப்பில் அவர்கள் இருக்கிறார்கள். அது குறித்து நான் கொடுத்த புகார் இன்னும் விசாரணையில் இருப்பதால் அதை இங்கே விரித்து எழுதவில்லை. அந்தத் தாமதம் எங்கள் வீட்டுக்குள் எப்படிக் குடியேறியது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். அதன்பின் "நாளைக்கு வாங்க" என்று யார் சொன்னாலும், இன்றைக்கே முடியாதா என்று அக்கா மறுபடி மறுபடி கேட்பாள். லிஃப்ட் வரத் தாமதமானால் படியேறிவிடுவாள். ஒரு நாள் தள்ளிப்போனால் உள்ளே ஏதோ ஒன்று ஒரு நாள் வளரும் என்ற எண்ணம் அவளை விட்டு அகலவே இல்லை.

அறுவை சிகிச்சை நடந்தது. மார்பை முழுவதும் எடுக்காமல் கட்டியையும் அதைச் சுற்றியுள்ள பகுதியையும் மட்டும் எடுத்தார்கள். பிறகு நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது. வெட்டிய துணியில் மிஞ்சியதைக் கொண்டு தலைக்கு அவளே ஒரு தொப்பி தைத்துக்கொண்டாள். அதன்பின் கதிர்ச் சிகிச்சை என்றார்கள். அந்தப் பிரிவின் மருத்துவர் நடுத்தர வயதுப் பெண்மணி. கேள்வி கேட்டால் முகம் சுளிக்காதவர். அதுவரை நாங்கள் பார்த்திருந்த மருத்துவர்களை வைத்துச் சொன்னால், அதுவே அதிசயம்.

"ஆபரேஷன்ல கண்ணுக்குத் தெரிஞ்சதை எடுத்துட்டாங்க. ஏத்தின மருந்து ரத்தத்தோட போய் உடம்பு முழுக்கத் தேடியிருக்கு. ஆனா கட்டி இருந்த இடத்துலயே கண்ணுக்குத் தெரியாம நாலு செல் ஒளிஞ்சிருக்கலாம். அதை அங்கேயே முடிக்கிறதுக்குத்தான் இந்தக் கதிர்" என்றார் அவர்.

"அப்போ ஒரே நாள்ல அடிச்சு முடிச்சிடலாமே டாக்டர். எதுக்குத் தினமும் வரச் சொல்றீங்க?" என்றாள் அக்கா.

"பக்கத்துல நல்ல செல்லும் இருக்கே. தினம் கொஞ்சம் கொஞ்சமாக் கொடுத்தா, மறுநாளைக்குள்ள நல்லது தன்னைச் சரி பண்ணிக்கும். கெட்டதுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைச்சல்."

"எங்க கூடத்துலயும் அப்படி ரெண்டு பேர் இருக்காங்க" என்றாள் அக்கா. மருத்துவர் சிரித்துவிட்டார். நான் அந்தப் பதிலைக் கோப்பில் குறித்துக்கொண்டேன். மருத்துவரின் பதிலைச் சொல்கிறேன்.

"மாப்ள, நீ செத்தா உன்னைப் புதைக்க வேணாம்டா. ரெண்டு ஓட்டை போட்டு ஃபைல்ல கோத்துடலாம்" என்றார் அக்காவின் கணவர். அவரை நான் மாமா என்றுதான் அழைப்பேன். அவர் சரக்கு வேன் ஓட்டுபவர். வண்டியில் இல்லாத நேரத்தில் அவரால் ஓரிடத்தில் உட்கார முடியாது. மருத்துவமனை நடைபாதையில் அவர் இங்கும் அங்கும் நடந்த நடையைப் பார்த்து, அங்கே தரை துடைக்கும் பெண்மணி, "ஏங்க, நீங்க போங்க, நான் துடைச்சுக்கறேன்" என்று சொன்னதுண்டு.

கதிர் தொடங்கும் முன்னே உடம்பில் இடம் குறித்தார்கள். ஒரு பலகையில் படுக்கவைத்து, இரு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஒரு பிடியைப் பிடித்துக்கொள்ளச் செய்து, ஸ்கேன் எடுத்தார்கள். சுவர்களிலிருந்து மெல்லிய ஒளிக்கோடுகள் அவள் மேல் விழுந்தன. அவை தோலில் குறுக்கிடும் இடங்களில், நெஞ்சின் நடுவே ஒன்றும் விலாவின் இரு பக்கமும் ஒவ்வொன்றுமாக, மூன்று குறிகளைப் பேனாவால் போட்டு, அவற்றின்மேல் கண்ணாடிபோன்ற ஒட்டுத்தாளை ஒட்டினார்கள். தினமும் அதே ஒளிக்கோடுகள் அதே குறிகளில் விழுந்தால்தான் கதிர் குறித்த இடத்தில் விழும்.

இதைச் செய்த டெக்னீஷியன் ஓர் ஒல்லியான மனிதர். வாய் திறந்தால் "அசையாதீங்க" என்பதுதான் முதல் சொல். அக்கா அவருக்கு 'அசையாதே' என்றே பெயர் வைத்துவிட்டாள்.

"அம்மா, குளிக்கும்போது இந்த இடத்தைத் தேய்க்காதீங்க. ஒத்தி எடுங்க. பவுடர், வாசனைச் சாமான் எதுவும் வேண்டாம். குறி அழிஞ்சாலும் பரவாயில்லை, அப்படியே வாங்க. நீங்களா மட்டும் போட்டுடாதீங்க" என்றார் அவர்.

"தம்பி, நான் ஆயுசு பூரா குறி போட்டவ."

"அதனாலதான்மா சொல்றேன்" என்றார் அசையாதே.

உடுத்தக் கொடுத்த கவுனை அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அக்குள் வளைவு இறுக்கமாக இருந்ததால் கையைத் தூக்கும்போது பிடித்தது. "இதை வெட்டினவன் யாருன்னு தெரிஞ்சா மூலைப் பெஞ்சுல உட்கார வெச்சிடுவேன்" என்றாள்.

சிகிச்சை அறையில் மெஷினும் அவளும் மட்டும். கனமான கதவு மூடிக்கொள்ளும். டெக்னீஷியன் வெளியே திரையில் பார்த்தபடி ஒலிபெருக்கியில் பேசுவார்: "மூச்சை இழுங்க... இன்னும் கொஞ்சம்... பிடிங்க." நெஞ்சு விரிந்தால் இதயம் கதிரின் வழியிலிருந்து சற்று விலகும். எனவே இடப்பக்க மார்பில் நோய் வந்தவர்கள் மூச்சைப் பிடித்திருக்கும் நேரத்தில்தான் கதிரைச் செலுத்துவார்கள். வலி இல்லை, சூடு இல்லை. ஒரு ரீங்காரம் மட்டும் கேட்கும். பலருக்கு இந்த மூச்சுப் பிடிப்பது வசப்பட நாளாகும். அக்காவுக்கு முதல் நாளே வந்துவிட்டது. "அக்குள் வளைவுன்னு நினைச்சுக்கறேன்" என்றாள்.

வீட்டில் வேறொரு தொல்லை முளைத்தது. மாமா தலையணையைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார். கேட்டால் குறட்டை என்றார். அக்காவுக்குத் தூக்கம் கெடக் கூடாதாம். அக்கா இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் காலை, காப்பிக் கோப்பையை அவர்முன் வைத்துவிட்டுக் கேட்டாள்:

"ஏங்க, நான் என்ன டியூப் லைட்டு மாதிரி எரியறேனா?"

"யார் சொன்னா?"

"நீங்கதான். இந்தக் கோப்பையை நான் தொட்டுட்டேன், பார்த்துக் குடிங்க."

மாமா என்னைப் பார்த்தார். நான் படித்திருந்ததைச் சொன்னேன். கதிர்ப்பொருளை உடம்புக்குள்ளேயே வைக்கும் சிகிச்சைகள் உண்டு. அவற்றில் சிலவற்றுக்குச் சில நாள் விலகியிருக்கச் சொல்வார்கள். இது வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர். விளக்கை அணைத்தபின் அறையில் வெளிச்சம் மிஞ்சாததைப் போல, மெஷின் நின்றதும் உடம்பில் எதுவும் மிஞ்சாது. குழந்தையைக்கூடத் தூக்கிக் கொஞ்சலாம்.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன, வக்கீலய்யா? முதுகு போச்சு எனக்கு" என்று, கோப்பும் கையுமாகத் திரிந்த என்மேல் அவர் பாய்ந்தார். தலையணை திரும்பிவிட்டது. குறட்டையும் திரும்பிவிட்டது என்றாள் அக்கா.

இரண்டு வாரம் போவதற்குள் தோல் சிவந்து கருக்கத் தொடங்கியது. பிற்பகல்களில் சோர்வு வந்து அவளை அடித்துப்போட்டது. அதை அவள் களைப்பு என்று ஒத்துக்கொள்ளாமல், எழுந்து நடந்து, அலமாரியைக் கலைத்து அடுக்கி, மறுபடி கலைத்தாள். வெயில் காலம் வேறு. வேர்வையில் இடப்பக்க விலாவின் ஒட்டுத்தாள் உரிந்தது. அதனடியில் இருந்த குறி மங்கிற்று.

இனி எழுதப்போவதில் ஒரு பகுதி அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் எது எந்த நாளில் நடந்தது என்பதே இதில் முக்கியம் என்பதால், நடந்த வரிசையிலேயே வைக்கிறேன்.

அந்த வியாழக்கிழமை காத்திருக்கும் அறையில் அக்காவின் பக்கத்தில் இருந்த பெண் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். அவள் குறிகள் அழிந்துபோனதால் மறுபடி ஸ்கேன் எடுத்துக் குறிக்க வேண்டும் என்று சொல்லி, அவளை இரண்டு நாள் கழித்து வரச் சொல்லிவிட்டார்கள். அக்கா தன் இடப்பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அன்று சிகிச்சை நடந்தது. மங்கலாக ஒரு தடம் இருந்தது, அது போதுமாயிருந்தது. மாலையில் குளித்துவிட்டுப் பார்த்தபோது அதுவும் இல்லை.

குளியலறைக் கண்ணாடிமுன் நின்று, இஞ்ச் டேப்பால் கழுத்தெலும்பிலிருந்து ஓர் அளவும், நடுக்குறியிலிருந்து ஓர் அளவும் எடுத்தாள். முதல் வாரமே ஒரு நாள் கட்டிலில் படுத்து, கையைத் தலைக்குமேல் தூக்கி, அந்த அளவுகளை அவள் பழக்க தோஷத்தால் எடுத்து மனதில் வைத்திருந்தாள். அவை இரண்டும் சேருமிடத்தில், துணியில் எழுதும் பேனாவால் ஒரு கூட்டல் குறி போட்டாள். நேர்த்தியான குறி. மேலே ஒட்டுத்தாளும் ஒட்டினாள். அழிந்த கோட்டோடு மெஷின்முன் வந்து நிற்பது அவள் தொழிலில் சோம்பேறித்தனம். அதைவிட, "ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்ற சொல்லைக் கேட்க அவளால் முடியாது.

ஆனால் அவள் நின்றுகொண்டு அளந்தாள், கையைத் தொங்கவிட்டபடி அளந்தாள். முதல் குறியோ படுத்த நிலையில், கையைத் தலைக்குமேல் தூக்கியபோது போட்டது. மேசையில் விரித்த துணியும் ஆள்மேல் தொங்கும் துணியும் ஒரே அளவு காட்டாது என்பதைப் புதிதாக வந்தவர்களுக்கு முதல் நாள் சொல்லித் தருபவளே அவள்தான்.

வெள்ளிக்கிழமை பலகையில் படுத்துக் கையைத் தூக்கிய நொடியிலேயே தோல் இழுபட்டதையும், அதோடு குறி மேலேறியதையும் அவள் உணர்ந்தாள். ஒளிக்கோடு வலப்பக்கக் குறியில் சரியாக விழுந்தது. இடப்பக்கத்தில் விலகி விழுந்தது. அவள் கோணலாகப் படுத்திருக்கிறாள் என்று நினைத்த அசையாதே, அடியில் கிடந்த விரிப்பை இழுத்து அவள் உடம்பைச் சற்றுத் திருப்பினார். இன்னும் கொஞ்சம் இழுத்தார். கோடு குறியில் சேர்ந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. "மூச்சை இழுங்க" என்றதும் இழுத்தாள்.

சனி, ஞாயிறு சிகிச்சை கிடையாது. அந்த இரண்டு நாளும் அவள் இருந்த இருப்பை நான் பார்த்தேன், காரணம் தெரியவில்லை. தட்டில் போட்டதை அளைந்தாள். மாமாவின் சட்டை ஒன்றைப் பிரித்துத் தைத்தாள். அதில் பிரிக்க ஒன்றும் இல்லை. மாமா, "ஏய், அந்தச் சட்டை உன்னை என்ன பண்ணிச்சு?" என்றார். அவள் பல்லால் நூலைக் கடித்தாள்.

திங்கட்கிழமைகளில் கதிர் செலுத்துமுன் மெஷினிலேயே ஒரு படம் எடுத்து, திட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அன்று படம் எடுத்ததும் ரீங்காரம் கேட்கவில்லை. கதவு திறந்தது. "கொஞ்சம் எழுந்திருங்கம்மா" என்று சொல்லிவிட்டு அசையாதே வேகமாக வெளியே போனார். சிறிது நேரத்தில் எங்களை மருத்துவரின் அறைக்கு அழைத்தார்கள்.

மேசைமேல் இருந்த திரையில் இரண்டு படங்கள் அருகருகே தெரிந்தன. "இது போன திங்கட்கிழமை எடுத்தது. சரியா இருக்கு" என்றார் மருத்துவர். "இது இன்னைக்கு. இடப்பக்கக் குறி ஒரு விரல் அகலத்துக்கு மேல தள்ளியிருக்கு. அதோட சேர்க்கப் பார்த்ததுல உடம்பு திரும்பியிருக்கு. இன்னைக்குக் கதிர் கொடுக்கலை, அதைப் பத்திக் கவலை வேண்டாம். ஆனா நடுவுல நாலு நாள் கொடுத்திருக்கோம். நாலு நாளுமே தள்ளி விழுந்துச்சா, ஒரு நாளா, அதுதான் எனக்குத் தெரியணும். அதைப் பொறுத்துத்தான் மீதி நாளோட கணக்கைத் திருத்த முடியும்."

"தெரியலைன்னா?" என்றார் மாமா.

"தெரியலைன்னா ஊகம்தான். நாலு நாள்னு வெச்சுத் திருத்தி, நிஜத்துல ஒரு நாளா இருந்தா, போக வேண்டாத இடத்துக்கு அதிகம் போயிடும். ஒரு நாள்னு வெச்சு நிஜத்துல நாலா இருந்தா, போக வேண்டிய இடத்துக்குக் குறைஞ்சிடும்."

என்னால் அமர்ந்திருக்க முடியவில்லை. கோப்பைத் திறந்தேன். குறி போட்ட தேதி, போட்டவர், அவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியம் எல்லாம் அதில் இருந்தன. "குறி போட்டது உங்க ஆள். தினமும் அதைப் பார்த்துப் படுக்க வெச்சது உங்க ஆள். ஏற்கெனவே ஓர் இடத்துல எங்களைத் தொட்டுப் பார்க்காமலே அனுப்பினாங்க. இங்க தொட்டுப் பார்த்தும் இப்படியா?" என்றேன். எழுத்து மூலமாகப் பதில் வேண்டும் என்றும் சொன்னேன்.

கதவோரம் அசையாதே தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மருத்துவர் என்னிடம் கோபப்படவில்லை. அக்காவின் பக்கம் திரும்பி, "ஒட்டுத்தாள் தானா நகர்ந்திருக்கலாம். வேர்வையில நடக்கும். உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்காம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

தப்பிக்க ஒரு வழி திறந்திருந்தது என்பதை அந்த அறையில் இருந்த எல்லாரையும்விட அக்காதான் நன்றாக அறிந்திருப்பாள். ஆமாம், தானாக நகர்ந்துவிட்டது என்றால் முடிந்தது. அவள் கவுனின் விளிம்பை விரலால் மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். மாமா நடப்பதை நிறுத்தியிருந்தார்.

"அப்படிக் கேட்டா எப்படி டாக்டர்?" என்றாள். "யாரு கைன்னு கேளுங்க."

மருத்துவருக்குப் புரியவில்லை. எனக்கும் மாமாவுக்கும் புரிந்தது. மாமா, "ஏய்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"என் கை" என்றாள் அக்கா. குரல் கூடம் முழுவதற்கும் கேட்கிற குரலாக இருந்தது. "வியாழக்கிழமை சாயங்காலம் போட்டேன். அன்னைக்குக் காலையில பழைய குறியிலதான் நடந்துச்சு. வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் என் குறியில. நின்னுகிட்டு அளந்துட்டேன். வெள்ளிக்கிழமை படுத்ததுமே தெரிஞ்சுபோச்சு, வாயைத் திறக்கலை. சொன்னா ரெண்டு நாள் தள்ளிப் போடுவீங்கன்னு பயம். இந்தத் தம்பி மேல தப்பில்லை. அவர் போடாதீங்கன்னு சொல்லித்தான் அனுப்பினார்."

பிறகு கதவோரத்திலிருந்து அசையாதே பேசினார்.

"விரிப்பை இழுத்தது என் கைதான் டாக்டர். ரெண்டு பக்கமும் சேரலைன்னு பார்த்தேன். படம் எடுத்துப் பார்த்திருக்கணும், இல்லை அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். வெளியில வரிசை நின்னுச்சு, இழுத்துட்டேன்."

என் கோப்பு திறந்தபடி கையில் இருந்தது. குற்றம் தன்னுடையது என்று இருவர் போட்டி போட்டு ஏற்றுக்கொள்ளும் ஓர் அறையில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை; மூடினேன். முதல் மருத்துவமனையில் இன்றுவரை ஒருவரும் அந்த இரண்டு சொற்களைச் சொல்லவில்லை என்பதையும் இந்த இடத்தில் பதிவு செய்கிறேன்.

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு நாள்தான்னா சமாளிக்கலாம்" என்றார். "இதுக்குன்னு கணக்குப் போடறவங்க இருக்காங்க. விலகினது எவ்வளவு, எங்க குறைஞ்சது, இதயத்துப் பக்கம் எவ்வளவு போச்சுன்னு பார்த்துச் சொல்வாங்க. நாளைக்கு மறுபடி ஸ்கேன் எடுத்துப் புதுசாக் குறிக்கணும். ரெண்டு நாள் ஆகும்."

"அதே ரெண்டு நாள்" என்றாள் அக்கா.

"அதே ரெண்டு நாள்தான். இந்த மாதிரி ஒண்ணு ரெண்டு நாள் இடைவெளி விழறதுண்டு. அதைக் கடைசியில சேர்த்துக் கொடுத்துடுவோம். அதுக்குள்ள ஒண்ணும் வளர்ந்துடாது. ஆனா இடம் தப்பினா அந்த நாள் வீண். எது மோசம்னு நீங்களே சொல்லுங்க."

"தப்பா வெட்டறதைவிட வெட்டாம வைக்கலாம்" என்று அக்கா முணுமுணுத்தாள். அது அவள் கூடத்தில் பிறருக்குச் சொல்வது.

ஸ்கேன் எடுத்த பிறகு இம்முறை பேனாவால் குறிக்கவில்லை. ஊசிமுனையால் மையை ஏற்றி, மிளகில் பாதிகூட இல்லாத மூன்று புள்ளிகளை வைத்தார்கள், அவை அழியா. அசையாதே குத்தும்போது, "அசையாதீங்கம்மா" என்றார். "இனிமே நான் நினைச்சாலும் அசைக்க முடியாதே" என்றாள் அக்கா. வெள்ளிக்கிழமை விலகிய கதிரின் கணக்கும் வந்தது. இதயத்துக்குப் போனது வரம்புக்குள் இருந்தது. குறைந்துபோனதை மீதி நாட்களில் ஈடுகட்டத் திட்டத்தைத் திருத்தினார்கள். அந்தத் தாளின் நகலைக் கேட்டேன். கேட்ட உடனே கொடுத்தார்கள்; எனக்கு அது பழக்கமில்லை.

சிகிச்சை முடிந்தது. அக்குளின் கீழே தோல் உரிந்து புண்ணாகி, ஆறப் பல நாளாயிற்று. தோள் இறுகாமல் இருக்கச் சுவரில் விரல்களால் ஏறும் பயிற்சி கொடுத்தார்கள். அவள் எந்த உயரம் எட்டினாள் என்பதற்குச் சுவரில் சாக்பீஸ் கோடுகள் இருக்கின்றன. இனிப் பல ஆண்டுகளுக்குத் தினம் ஒரு மாத்திரை, குறித்த காலங்களில் சோதனை. முழுவதும் போய்விட்டதா என்று கேட்டதற்கு மருத்துவர், "இப்போ எதுவும் தெரியலை. பார்த்துக்கிட்டே இருப்போம்" என்றார். முன்பு அது கொழுப்புக் கட்டி என்று உறுதியாகச் சொல்லப்பட்டது. இந்த உறுதியில்லாத பதிலைத்தான் நாங்கள் நம்புகிறோம். ஆனாலும் சோதனை வரும் வாரம் வந்துவிட்டால், தைத்த சட்டைகளை அவள் பிரிக்கத் தொடங்கிவிடுவாள்.

வேலைக்குத் திரும்பிய நாளில் கூடத்தில் எல்லாரும் எழுந்து நின்றார்களாம். முதலாளி வெட்டும் மேசையைத் துடைத்து, அவள் அட்டைகளையெல்லாம் எடுத்து வைத்திருந்தார். அக்கா பையிலிருந்து கத்திரிக்கோலை எடுத்தாள். மேசைமேல் வைத்தாள். பிறகு நேரே மூலைப் பெஞ்சுக்குப் போய் அமர்ந்து, பிசிறு நூல் வெட்டும் சட்டைக் குவியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"என்ன மாஸ்டர், விளையாட்டு இது? எந்திரிங்க" என்றார் முதலாளி. "இங்க யாரும் ஒண்ணும் கேட்கலையே!"

"இங்க இல்லை. வேற ஒரு மேசையில வெட்டினது" என்றாள் அக்கா. "ஒரு நாள் உட்காரணும். மெஷினைப் போடச் சொல்லுங்க."

அன்று முழுவதும் உட்கார்ந்திருந்தாள் என்று சொல்ல முடியாது. பத்துச் சட்டைக்கு ஒருமுறை எழுந்து, வெட்டும் மேசையைச் சுற்றிவந்து, அவள் இடத்தில் நின்றிருந்தவன் வளைவில் மூச்சுவிடுகிறானா என்று பார்த்துவிட்டு, மறுபடி பெஞ்சுக்குப் போனாளாம். மாலையில் மாமா வேனை நிறுத்திவிட்டு மேலே ஏறியபோது, அவள் கத்திரிக்கோலைக் கையில் எடுத்துவிட்டிருந்தாள்.

"முடிஞ்சுதா?" என்றார் அவர்.

"முடிஞ்சுது. வண்டியை எடுங்க" என்றாள். பிறகு படியில் பாதி இறங்கியவள், "இருங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி மேலே ஏறி, மறுநாளைக்கு விரித்துவைத்திருந்த துணியின் ஓரத்தை ஒருமுறை இழுத்துச் சரிபார்த்துவிட்டு வந்தாள்.